ஆளு இருக்கா என்று கேட்டவர்

இறந்துபோன ஒருவரை, அவருடைய அண்ணனிடமே, உயிரோடு இருக்கிறார் என்று சொன்னேன். தெரியாமல் சொன்னதல்ல. அந்தத் தம்பி சுடப்பட்டு விழுந்த வண்டியிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றிக் கொண்டுவந்து, அண்ணனின் கையில் கொடுத்து, என் ஜீப்பில் பூட்டச் சொன்னேன். அந்த வண்டியை யாரும் தொட மாட்டார்கள் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். இத்தனை வருடங்களில் எனக்கு நானே பல சமாதானங்கள் சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் நிற்கவில்லை. அதனால் இதை முதலில் சொல்லிவிட்டு, அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதை எழுதுகிறேன். பெயரை எழுதப் போவதில்லை. அதற்கான உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

அவர் மலாக்காச் செட்டி. எங்கள் பாட்டன்மார் மலாயா ரப்பர்க் காட்டுக்குக் கப்பலேறி வருவதற்குப் பல தலைமுறை முன்னாலேயே இங்கு வந்து ஊன்றிவிட்ட குடும்பம். நெற்றியில் திருநீறு இருக்கும், மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பார், வாயைத் திறந்தால் மலாய் வரும். தோட்டங்களுக்குப் போய் வண்டி பழுதுபார்த்ததில் தொழிலாளர் லயங்களில் பேசுகிற தமிழும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. என்னிடம் இரண்டையும் கலந்து பேசுவார். நான் எழுத்து வேலை பார்த்தவன் என்பதால் என்னைக் கிராணி என்பார், நான் அவரை அண்ணே என்பேன். மலாக்கா டவுனை ஒட்டிய காஜா பெராங்கில் என் வாடகை வீட்டின் பின்வேலியைத் தாண்டினால் அவர் பட்டறை. பட்டறை என்றால் ரம்புத்தான் மரத்தடியில் நாலு கம்பத்தின் மேல் ஒரு தகரக் கூரை, அவ்வளவுதான்.

ஊரிலேயே நல்ல மெக்கானிக் என்று அவரைச் சொல்ல மாட்டேன். நாளைக்கு என்று அவர் சொன்னால் அடுத்த வாரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் பற்றவைத்த இடங்கள் மேடும் பள்ளமுமாக இருக்கும், பெரிய தெருப் பட்டறைக்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். தலைமுடியில் அவருக்கு அபாரப் பெருமை. வண்டியின் மூடியைத் திறப்பதற்கு முன் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து ஒருமுறை வாரிக்கொள்வார். "எஞ்சின் மொதல்ல என்னைப் பாக்கணும்லா, அப்புறம்தான் நான் அதைப் பாக்கிறது" என்பார். சீட்டாட்டத்தில் கள்ளாட்டம் ஆடுவார், பிடிபட்டால் சந்தோஷமாகச் சிரிப்பார். ஓயாமல் பேசுவார், பேச ஆள் இல்லாவிட்டால் பாடுவார். அவருடைய சத்தம் நின்றுவிட்டால் அவர் மனைவி அடுக்களையிலிருந்து வந்து எட்டிப் பார்ப்பார்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் விளையாடியதில்லை. பழைய சாமான் எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும், அதைத் திருப்பிப் பார்ப்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்பார்.

"யார் ஓட்டுன வண்டி? ஆளு இருக்கா?"

ஓட்டியவர் காய்ச்சலிலோ முதுமையிலோ இறந்திருந்தால் அவருக்கு ஆட்சேபம் இல்லை. அந்த வண்டியிலேயே உயிர் போயிருந்தால் சாமானைக் கீழே வைத்துவிடுவார். "தா போலே" என்பார். முடியாது என்பதற்கு மலாயில் அதுதான் சொல். அதற்குமேல் பேச்சு கிடையாது. அவசரகாலம் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகள் தோட்டத்து வண்டிகளையும் போலீஸ் வண்டிகளையும் மறித்துச் சுட்டார்கள். அப்படிச் சுடப்பட்ட வண்டிகளிலிருந்துதான் பழைய இரும்புக் கடைகளுக்கு நல்ல சாமான்கள் வந்துகொண்டிருந்தன. அவரோ கேள்வி கேட்டு அவற்றைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

இரும்புக் கடைச் சீன முதலாளிக்கு, தவுக்கே என்போம், இவரைக் கண்டாலே தலைவலி. ஒருமுறை நானும் உடன் இருந்தேன். கார்புரேட்டர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இவர் வழக்கம்போலக் கேட்டார். தவுக்கே கணக்குப் பலகையைத் தள்ளிவைத்துவிட்டு, "இருக்கான். மூவார்ல மூணு பொண்டாட்டியோட இருக்கான். செத்துப் போனா தேவலைன்னு அவனே சொல்றான்" என்று மலாயில் சொன்னார். இவர் அரைமணி நேரம் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு அந்த ஆளின் முகவரியைக் கேட்டார்.

கேட்டதோடு விடவும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறி மூவாருக்குப் போனார். அங்கே ஒரே மனைவியோடு ஓய்வுபெற்ற மலாய்த் தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். இவர் அவரோடு உட்கார்ந்து காப்பி குடித்தார், அவருடைய மூட்டுவலிக்கு ஒரு தைலம் சொன்னார், வண்டியை ஏன் விற்றீர்கள் என்று கேட்டார். கண் மங்கிவிட்டது என்றார் அவர். திரும்பும்போது இவர் மடியில் ஒரு பலாப்பழமும் முகத்தில் பெரிய நிம்மதியும் இருந்தன. என் ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது என்று எனக்கு எரிச்சல்.

அந்தக் கார்புரேட்டர் என் ஜீப்புக்காக. ஜப்பான்காரன் சண்டை முடிந்தபின் வந்த வெள்ளைக்காரப் பட்டாளம் செங் என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு பழத்தோட்டத்தில் விட்டுப்போன வண்டி அது. நான் வாங்கும்போது பாதிச் சக்கரம் சேற்றில் புதைந்திருந்தது. தரைத் தகடு துருப்பிடித்து உதிர்ந்துபோய், அந்த ஓட்டை வழியாக ஒரு கொய்யாக் கன்று வளர்ந்து நின்றது. வாங்குவதற்கு முன் இவர் தோட்டக்காரச் சீனரிடம் தன் கேள்வியைக் கேட்டார். வண்டி நின்றுவிட்டது, சிப்பாய்கள் திட்டிக்கொண்டே நடந்து போனார்கள், நான்தான் இளநீர் வெட்டிக் கொடுத்தேன் என்றார் தோட்டக்காரர். இவருக்கு அது போதுமானதாக இருந்தது.

துருவைச் சுரண்டுவதிலேயே மாதங்கள் போயின. பெட்ரோல் தொட்டியின் உள்ளே இருந்த துரு எதற்கும் அசையவில்லை. இவர் அதற்குள் கூழாங்கற்களையும் மண்ணெண்ணெயையும் போட்டு அடைத்து, ரம்புத்தான் கிளையில் கயிறு கட்டி ஊஞ்சல் போலத் தொங்கவிட்டார். அந்த வழியாகப் போகிற எவரும் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது சட்டம். தபால்காரர் தள்ளினார், கோயில் பண்டாரம் தள்ளினார். தள்ளாமல் போன ஒரு சாமியாரை இவர் திரும்பக் கூப்பிட்டுத் தள்ளவைத்தார். அந்தக் கடகடச் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். ரேடியேட்டர், வில்பட்டை, டைனமோ என்று ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தோம். தம்பின், ஜாசின், மூவார் என்று போன இடமெல்லாம் அதே கேள்வி.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பது எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். அதுதான் என் குற்றத்தைப் பெரிதாக்குகிறது.

காஜா பெராங்குக்கு வருவதற்கு முன் நான் ஜாசின் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் தோட்டத்தில் கிராணியாக இருந்தேன். அங்கே ஜீப் ஓட்டியவர் இவருடைய தம்பி. சிறு வயதில் தாய் போய்விட, தூக்கி வளர்த்ததும் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அண்ணன்தான். தம்பி ஒரு முழங்கையை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டுவார், துரை பலமுறை கண்டித்தும் கேட்டதில்லை. ஒரு காலையில் காட்டுப் பாதை வளைவில் வண்டியை மறித்துச் சுட்டார்கள். துரை அன்று போகவில்லை. தம்பி மட்டும்தான்.

வண்டியைக் கட்டி இழுத்து வந்து ரப்பர் உலர்த்தும் புகைவீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் விட்டார்கள். காரியம் முடிந்த சில நாளில் அண்ணன் தோட்டத்துக்கு வந்தார். நிவாரணம் கேட்க வந்திருக்கிறார் என்று துரை நினைத்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அந்த வண்டியைப் பிரிக்கக் கூடாது. அதிலிருந்து ஓர் ஆணியைக் கழற்றி இன்னொரு வண்டியில் போடக் கூடாது. முழுசாகத் துருப்பிடித்து முழுசாக மண்ணாகட்டும். அவர் மலாயில் சொன்னதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். துரை, அப்படியே ஆகட்டும், இது என் வாக்கு என்றார். அதை நான் மலாயில் சொன்னேன். அவர் துரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"நீயும் பாத்துக்குவியா, கிராணி?"

"பாத்துக்குறேன் அண்ணே."

எங்கள் பழக்கம் தொடங்கியது அன்றைக்குத்தான். பின்னால் நான் ரப்பர் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்து டவுனுக்கு வந்தபோது, தன் வீட்டுப் பின்புறம் வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுத்ததும் அவரே. மூதாதையருக்குப் படையல் போடும் நாளை அவர்கள் பார்ச்சு என்பார்கள். அன்று அவர்கள் வீட்டில் வாழையிலைகள் வரிசையாக விரிந்திருக்கும். தம்பியின் இலையில் கடுங்காப்பியும் ஒரு சிகரெட்டும் இருக்கும். அந்த இலைக்கு முன்னால் நானும் கைகூப்பி நின்றிருக்கிறேன்.

மெர்டேக்கா, நாடு சுதந்திரம் பெறும் நாள், நெருங்கியது. ஊரெல்லாம் கொடியும் தோரணமுமாக இருந்தது. எங்கள் இளைஞர் சங்கம் ஊர்வலத்தில் அலங்கார வண்டி விடுவதாக முடிவு செய்தது. என் ஜீப் தயாராக இருக்கும், நானே ஓட்டுகிறேன் என்று கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது.

ஜீப்பில் ஒரே ஒரு குறை மிச்சமிருந்தது. எஞ்சின் விசையை முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி பிளந்து கிடந்தது. உள்ளே பற்கள் உடைந்து, உடைந்த துண்டுகளே பெட்டியைப் பிளந்திருந்தன. அதே மாதிரிப் பெட்டி வேண்டும். ஜொகூரில் ஒருவரிடம் இருக்கிறது, மழை முடிந்ததும் தருவார், ஆளு இருக்கிறார் என்று இவர் சொன்னார். பொறு கிராணி, மெர்டேக்கா போனால் வண்டி ஓடாதா என்றார். அதே மாதிரிப் பெட்டி இன்னும் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

வாக்குக் கொடுத்த துரை அதற்குள் தன் நாட்டுக்குக் கப்பலேறிவிட்டார். அவரோடு வாக்கும் போய்விட்டது என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். பழைய தோட்டத்துக்குப் போய்க் காவல்காரரைப் பார்த்தேன். என்னிடம் வேலை பார்த்தவர், மறுக்கவில்லை. ஓர் ஆளை வைத்துக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, கறுப்புச் சாயம் பூசினேன். அடிப்பக்கம் ஓரிடத்தில் தழும்பு போல மேடாக இருந்தது. இறுகிய சேறு என்று சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை. அதன் மேலேயே இன்னொரு கை பூசினேன்.

இவரிடம் கொடுக்கும்போது, சிங்கப்பூரில் வாங்கியது, பட்டாளத்துப் பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்த வைத்திருந்தார்கள், ரோட்டுக்கே வராதது என்றேன். நன்றாகத் தயார்செய்த பொய். இவர் மிகவும் சந்தோஷப்பட்டார், மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு பெட்டியைக் கவிழ்த்து வைத்து, பூட்டுமுன் வழக்கமாகச் செய்வதுபோல வெளிப்புறத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யத் தொடங்கினார். பாடிக்கொண்டே செய்தார். பாட்டு நின்றது.

கறுப்புச் சாயத்துக்கு அடியிலிருந்து பித்தளை தெரிந்தது. பழைய விரிசல் ஒன்றை யாரோ பித்தளை உருக்கி ஒட்டியிருந்தார்கள். கோணல்மாணலாக, அங்கங்கே வழிந்து உறைந்திருந்தது. அவர் விரலால் அதைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தடவினார். நான் அந்தத் தோட்டத்தில் சேர்வதற்கு முன்பே அவர் அங்கே வந்து அந்த ஜீப்பைப் பழுதுபார்த்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது.

"இவ்ளோ அசிங்கமா பத்த வைக்கிறவன் மலாக்காவுல நான் ஒருத்தன்தான், கிராணி" என்றார்.

நான் சிரிக்க முயன்றேன். சத்தம் நின்றதால் அவர் மனைவி அடுக்களை வாசலில் வந்து நின்றார். பெட்டியிலிருந்து கையை எடுக்காமல் அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. அப்போதாவது நான் வாய் திறந்திருக்க வேண்டும். அவர் அதற்கு இடம்தான் கொடுத்தார் என்று இன்று புரிகிறது.

"ஆளு இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்காரு அண்ணே" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். குனிந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வண்டிக்கு அடியில் படுத்தார்.

மெர்டேக்காவுக்கு முந்திய நாள் சாவியை என் கையில் கொடுத்தார். அவர் கையால் முடிந்த எந்த வண்டியையும் முதல் ஓட்டம் அவர்தான் ஓட்டுவார். சீப்பை எடுத்து வாரிக்கொண்டு, ஹாரனை அலறவிட்டபடி ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். இந்த முறை ஏறவில்லை. கை வலிக்கிறது என்றார்.

ஊர்வலத்தில் ஓட்டினேன். மக்கள் மெர்டேக்கா மெர்டேக்கா என்று கத்தினார்கள், யாரோ எனக்கு மாலை போட்டார்கள். சாலை முனையில் அவரும் மனைவியும் நின்றிருந்தார்கள். அவர் கையசைத்தார். ஆனால் என்னைப் பார்த்து அல்ல. ஓட்டுநர் பக்கத்துக் கதவில்லாத வெளியை, முழங்கை வெளியே நீளும் இடத்தைப் பார்த்து அசைத்தார்.

சில மாதங்கள் கழித்து இரும்புக் கடைத் தவுக்கே என்னை வழியில் நிறுத்தினார். உன் சிநேகிதருக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறார் என்றேன். "இப்பல்லாம் ஒண்ணும் கேக்கிறதில்ல. எதைக் குடுத்தாலும் எடுத்துட்டுப் போறாரு. குண்டு பாஞ்ச கதவக்கூட எடுத்துட்டுப் போனாரு" என்றார் தவுக்கே. ஒழிந்தது தொல்லை என்று அவர் சந்தோஷப்படவில்லை, பயந்த மாதிரித்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு அந்த ஜீப்பில் என்னால் உட்கார முடியவில்லை. ஆள் வைத்துப் பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். இருந்த இடத்திலேயே திரும்பப் பூட்டிவிட்டு வந்து அவரிடம் சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம். கொட்டகை காலியாக இருந்தது. காவல்காரர் என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்.

"நீங்கதானே கிராணி ஆரம்பிச்சு வச்சீங்க. புதுத் தொரை எட்டிப் பாத்தாரு. ஆளாளுக்குக் கழட்டுறாங்கன்னா இது எதுக்கு எடத்த அடைச்சுக்கிட்டுன்னு லாரிய வரச் சொல்லிட்டாரு."

அதன்பிறகு ஒரு வருடத்துக்கும் மேலாக, கிடைத்த விடுமுறையெல்லாம் இரும்புக் கடைகளில் அலைந்தேன். முன்பு ஓடுகிற வண்டி ஒன்றை உண்டாக்கச் சாமான் தேடினோம். இப்போது ஓடக் கூடாத வண்டி ஒன்றை உண்டாக்கத் தேடினேன். ஜாசின் தோட்டத்து ஜீப்பில் இருந்ததா இது என்று கேட்பேன். ஆமாம் என்பார்கள். அப்படிக் கேட்டால் எந்த வியாபாரி இல்லை என்பான்? அந்த அறிவுகூட எனக்கு அப்போது இல்லை. ஸ்டீரிங், மட்கார்டு, இருக்கைச் சட்டம், சக்கரங்கள் என்று சேர்ந்துகொண்டே போயின. ஒருநாள் எல்லாவற்றையும், அந்தப் பெட்டியையும், வாடகை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் அவர் பட்டறை முன்னால் நிறுத்தி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு லாரியில் ஏறி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். இது நம்ம வண்டி இல்ல என்று ஓரமாக வைத்தார். இதுவும் இல்ல. இது லாரி சாமான். இது யாரோடதோ. அவ்வளவு குவியலில் கடைசியில் அவர் கையில் நின்றவை அந்தப் பெட்டியும் ஒரு மட்கார்டும் மட்டும்தான். அவற்றை இறக்கி மரத்தடியில் வைத்தார். என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"எல்லாம் தெரியும். நீ சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அது போகட்டும். ஆளு இருக்கான்னு கேட்டேன்ல, நீ இருக்காருன்னு சொன்ன. படிச்சவன், தோட்டத்துல இருந்தவன் சொல்றான். ஒரு நிமிசம் என் புத்தி போயிருச்சு. இருக்கான் போலன்னு நெனச்சுட்டேன். போய் பொண்டாட்டிகிட்டயும் சொல்லிட்டேன், அவ அழுதா. அந்த ஒரு நிமிசத்த நீ என்னா செஞ்சு எடுப்ப?"

மீதிச் சாமான்களை என்ன செய்வது என்று லாரிக்காரர் என்னைக் கேட்டார். மரத்தடியிலிருந்து அண்ணன்தான் பதில் சொன்னார்.

"துவான் எடுத்துட்டுப் போவாரு" என்றார்.

வெள்ளைக்காரத் துரைகளை அழைக்கிற சொல் அது. அவர் வாயிலிருந்து என்னைப் பார்த்து அது வந்தது அன்றுதான் முதல்முறை. அதற்குப் பிறகு அவர் என்னை வேறு எப்படியும் அழைக்கவில்லை. பேச்சை முறித்துக்கொள்ளவும் இல்லை. என் வீட்டுச் செய்தித்தாளை இரவல் வாங்கிப் போய், மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுப்பார். தீபாவளிக்கு வந்து துவான் வீட்டு முறுக்கு நன்றாக இருக்கிறது என்பார். கிராணி என்றே கூப்பிடுங்கள் என்று அவர் மனைவி என் முன்னாலேயே ஒருமுறை கெஞ்சினார். அவர் சிரித்துக்கொண்டு மரியாதை குறையக் கூடாது என்றார். மரத்தடியில் இறக்கிய அந்த இரண்டு சாமான்களும் பிறகு என்ன ஆயின என்று நான் கேட்கவில்லை.

நான் புக்கிட் காதில் என்ற ஊர்ப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போய்ப் பல வருடங்கள் கழித்து, அவர் படுத்த படுக்கையாக இருப்பதாகச் செய்தி வந்தது. போனேன். தலைமுடி முழுவதும் நரைத்திருந்தது, மனைவிதான் வாரிவிட்டுக்கொண்டிருந்தார். கட்டிலருகே பாயில் உறவினர்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். நானும் அவர்களோடு பாயில் உட்காரப் போனேன். அவர் கண் திறந்து பார்த்து, மனைவியிடம் மெதுவாக, துவான் வந்திருக்கிறார், நாற்காலி கொண்டுவா என்றார்.

பாயில் இருந்தவர்கள் நகர்ந்து இடம்விட்டார்கள். நாற்காலி வந்தது. உட்கார்ந்தேன்.